பிராந்தோ, கழுகோ, வல்லூறோ? யாழ்ப்பாணத்தில் எடுத்த படத்தை வைத்து வேட்டைப் பறவையை இனங்காண ஒரு முழுமையான வழிகாட்டி

பாசையூர்க் கரைக்கு மேலே வட்டமிட்ட ஒரு பறவையின் படம் போன வாரம் எனக்கு வந்தது. கூடவே ஒரு வரி: "அண்ணை, இது கழுகுதானே?" வெளுத்த வானம், நடுவில் கறுப்பாக ஒரு உருவம். கண் தெரியவில்லை, நிறமும் தெரியவில்லை. ஆனால் வாலின் நுனி தெரிந்தது, அது நடுவில் உள்வாங்கி இருந்தது. அது போதும். கரும்பருந்து.

படம் அனுப்பிய தம்பி அந்தக் கறுப்பு உருவத்தில் நிறத்தைத் தேடிக் களைத்திருந்தார். பலரும் செய்வது அதைத்தான். என் வழி அதற்கு நேர்மாறானது: வாலையும் செட்டையையும் முதலில் பாருங்கள், நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். எங்கள் ஊரில் கோழிக்குஞ்சைத் தூக்குவதெல்லாம் பிராந்து. கொஞ்சம் பெரிதாக உயரத்தில் போனால் கழுகு. கும்பாபிஷேகத்தில் கோபுரத்துக்கு மேலே வட்டமிட்டால் அதே பறவை கருடன். பேச்சுக்கு இது சரி, படத்துக்குப் பெயர் வைக்க உதவாது. பிணந்தின்னிக் கழுகு எதுவும் இலங்கையில் நிலையாக வாழ்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் காணக்கூடியவை செம்பருந்து, கரும்பருந்து, வல்லூறு, கருந்தோள் பருந்து, வெண்வயிற்றுக் கடற்கழுகு. செப்டம்பர் கடைசியிலிருந்து சித்திரை வரை வடக்கிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள்: விராலடிப்பான், பூனைப்பருந்துகள், கெஸ்ட்ரல் என்ற சிறு வேட்டைப் பறவை, பொரி வல்லூறு, பூட்டட் ஈகிள் என்ற சிறு கழுகு. பாம்புக் கழுகும் குடுமிக் கழுகும் ஆனையிறவு தாண்டி வன்னிக் காட்டுப் பக்கம் எடுத்த படங்களில்தான் அதிகம் கிடைக்கும். ஆகவே உலகத்துப் பறவைப் புத்தகம் முழுவதையும் புரட்டத் தேவையில்லை.

முதலில் கேட்க வேண்டியது மூலப் படத்தை

யார் படம் அனுப்பினாலும் என் முதல் கேள்வி, "வெட்டாத படம் இருக்கிறதா?" என்பதுதான். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எடுத்த நாள், நேரம், கமரா விவரம் எல்லாம் கழன்றுபோகும். டொக்கியுமென்ட்டாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே வந்து சேரும். நிறத்தை ஏற்றி, கூர்மையாக்கிய படத்தில் பறவைக்கு இல்லாத வரிகள்கூட இறகில் முளைத்துவிடும். இப்போதைய போன்கள் கேட்காமலே இந்த வேலையைச் செய்கின்றன. அதனால் போனில் சூம் செய்து எடுத்த படத்தில் தெரியும் நுண்ணிய கோடுகளை வைத்து எந்த முடிவுக்கும் போக வேண்டாம்.

ஒரே பறவையைப் பத்துத் தடவை எடுத்திருந்தால் பத்தையும் கேளுங்கள். தெளிவில்லை என்று அழிக்க இருந்த படத்தில்தான் வால் விரிந்திருக்கும்.

படத்தோடு சில விவரங்களும் வேண்டும். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம். "யாழ்ப்பாணம்" என்றால் போதாது, "கல்லுண்டாய் வெளி, ரோட்டிலிருந்து கடற்பக்கம்" என்று இருக்க வேண்டும். பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்பது இன்னும் முக்கியம். தரவைக்கு (திறந்த புல்வெளிக்கு) மேலே தாழ்வாகப் போனதா, ஒரே இடத்தில் செட்டையடித்து நின்றதா, தண்ணீருக்குள் விழுந்ததா? இந்த ஒரு பதில் பாதி வேலையை முடித்துவிடும்.

இது வேட்டைப் பறவைதானா?

சிரிக்க வேண்டாம், இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். மத்தியான வெக்கையில் சூடான காற்று மேலெழும்போது மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் செட்டையை அசைக்காமல் மிக உயரத்தில் சுற்றும். போனில் எடுத்தால் அசல் கழுகு. வாலைத் தாண்டிக் கால் நீட்டிக்கொண்டிருந்தால் அது நாரை. தலைக்கு முன்னால் தடித்த நீளச் சொண்டு தெரிந்தால் கூழைக்கடா. வேட்டைப் பறவையின் கால் பறக்கும்போது வாலுக்கு வெளியே நீட்டாது.

அக்காக்குருவி என்கிற குயில் வகை வேறு ஒரு ஏமாற்று. வல்லூறைப் போலவே சாம்பல் முதுகு, வரிபோட்ட வால், பறக்கும் விதம்கூட அதேதான். சொண்டைப் பாருங்கள். வல்லூறின் சொண்டு குட்டையாகக் கீழே வளைந்து கொக்கி போட்டிருக்கும், குயிலுடையது மெலிந்து நீண்டிருக்கும்.

இருட்டுப் படத்தைத் திறப்பது

வானத்தை நோக்கி எடுத்த படம் கறுத்துத்தான் வரும். கமரா வானத்தின் வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் பறவையைக் கைவிட்டுவிடுகிறது. எந்தப் படத் திருத்தச் செயலியிலும் நிழலை மட்டும் ஏற்றும் வசதி இருக்கும். அதை மெல்ல ஏற்றினால் செட்டையின் அடிப்பக்கம் வெளிவரும். மொத்த வெளிச்சத்தையும் ஏற்றினால் வெண்மையான பகுதிகள் எரிந்து, அங்கிருந்த வரிகள் காணாமல் போகும். நிறச் செறிவை ஏற்றும் பொத்தானைத் தொடவே வேண்டாம். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு எடுத்த படத்தில் காகம்கூடச் செம்பருந்து நிறத்தில் இருக்கும்.

திறக்க முடியாத படமானால் கவலையில்லை. கறுப்பு உருவத்தில் வடிவம் தெளிவாகவே இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

வால், செட்டை, காகம்

வாலின் நுனி உருண்டதா, பிளந்ததா, நேராக வெட்டியதா, ஆப்பு வடிவமா என்று பாருங்கள். அடுத்தது செட்டை. நுனி கூரா, அல்லது விரித்த கைவிரல் போல இறகுகள் பிரிந்து நிற்கின்றனவா? கூர் நுனி பொரி வல்லூறையும் கெஸ்ட்ரலையும் காட்டும். பிரிந்த விரல்கள் பருந்துகளையும் கழுகுகளையும் காட்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்றை எதிர்த்து நிற்கும் பருந்து செட்டையைப் பாதி மடக்கி வைத்திருக்கும். அப்போது எந்தச் செட்டையும் கூராகத் தெரியும். ஒரே படத்தில் கூர்ச்செட்டையைக் கண்டுவிட்டுப் பொரி வல்லூறு என்று துள்ள வேண்டாம். இறகு உதிர்க்கும் காலமும் இப்படித்தான். நடு வாலிறகு இரண்டு விழுந்திருந்தால் உருண்ட வாலும் பிளந்த வாலாகிவிடும். பிளவு இருபுறமும் ஒரே சீராக இருக்கிறதா, அடுத்த படத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெறும் வானத்தில் பருமனை ஒருபோதும் ஊகிக்காதீர்கள். "மிகப் பெரிய பறவை, அண்ணா" என்று சொல்லி அனுப்பிய படத்தில் வல்லூறு இருந்ததுண்டு. ஆனால் படத்தில் ஒரு காகம் துரத்திக்கொண்டு போனால் அதிர்ஷ்டம்தான். காகம் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் நீளம். துரத்தப்படுவது அதைவிடச் சிறிதென்றால் வல்லூறு அல்லது கருந்தோள் பருந்து, கொஞ்சம் பெரிதென்றால் பருந்து. செட்டை விரிப்பு காகத்தினுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலென்றால் அது கடற்கழுகு. எங்கள் காகங்கள் எதையும் விட்டுவைப்பதில்லை என்பது இந்த ஒரு விஷயத்தில் நன்மை.

செம்பருந்தும் கரும்பருந்தும்: அதிகம் குழப்பும் சோடி

எனக்கு வரும் படங்களில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்று. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வளர்ந்த செம்பருந்தில் சிக்கல் இல்லை. தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கபிலம், செட்டை நுனி கறுப்பு. குருநகரிலும் பண்ணைப் பாலத்தடியிலும் மீன் குடலுக்கு இறங்கும் பறவை இதுதான்.

சிக்கல் அதன் குஞ்சு பறக்கத் தொடங்கியதும் ஆரம்பிக்கிறது. இளம் செம்பருந்தில் வெள்ளைத் தலை கிடையாது. உடம்பு முழுவதும் மங்கிய கபிலம், மேலே வெளிறிய தெறிப்புகள். பெரிய பறவையின் நிறம் முழுமையாக வர மூன்றாவது ஆண்டாகிவிடும். அதுவரை அது பார்வைக்குக் கரும்பருந்துதான்.

இலங்கையின் மற்றப் பகுதிகளில் இந்தக் குழப்பம் அவ்வளவாக வராது. கரும்பருந்து இந்த நாட்டில் குடாநாட்டிலிருந்து மன்னார் ஊடாக வடமேற்குக் கரை வரைதான் வழக்கமாக உண்டு. கொழும்பிலிருக்கும் நண்பர் கபில நிறப் பருந்தைக் கண்டால் யோசிக்காமல் இளம் செம்பருந்து என்று எழுதலாம், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நமக்கு அந்தச் சலுகை இல்லை. இங்கே இரண்டும் ஒரே மீன்சந்தைக்கு மேலே ஒன்றாகச் சுற்றும்.

பிரித்தறிய நான் பார்க்கும் ஒழுங்கு இது. முதலில் வால்: கரும்பருந்தின் வால் பிளந்தது, செம்பருந்தின் வால் விசிறிபோல் உருண்டது. ஆனால் கரும்பருந்து வாலை முழுதாக விரித்தால் பிளவு மறைந்து நுனி நேர்கோடாகிவிடும். அப்போது வாலின் ஓர மூலைகளைப் பாருங்கள். கரும்பருந்தில் மூலை கூராக இருக்கும், செம்பருந்தில் வளைந்து போகும். இரண்டாவது செட்டை: செம்பருந்தின் செட்டை குட்டையும் அகலமும், கரும்பருந்துடையது நீண்டது. இளம் செம்பருந்தின் செட்டை அடியில், விரல்கள் தொடங்கும் இடத்துக்கு உட்பக்கமாக, வெளிறிய பெரிய திட்டு ஒன்று பளிச்சென்று தெரியும். நம் கரும்பருந்திலும் ஒரு திட்டு உண்டு, ஆனால் அது சிறிது, மங்கலானது. முகம் தெரியும் படமானால் மூன்றாவதாக அதையும் பார்க்கலாம்: கரும்பருந்தின் கண்ணுக்குப் பின்னால் மை பூசியதுபோல் ஒரு கறுப்பு இருக்கும்.

இந்த ஒழுங்கை நான் பட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் மண்டைதீவில் எடுத்த ஒரு கபிலப் பறவையைப் பூட்டட் ஈகிள் என்று சொல்லிப் பெருமையடித்துத் திரிந்தேன். இரண்டு மாதம் கழித்து அதே தொடரில் மங்கலாக இருந்த ஒரு படத்தைத் திறந்தால், உருண்ட வாலை விரித்தபடி இளம் செம்பருந்து என்னைப் பார்க்கிறது. சொன்ன எல்லாரிடமும் திரும்பப் போய்ச் சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

வளவுக்குள் வருவது

மதில், வேப்பமரம், முருங்கைக் கிளை என்று வீட்டுக்கு அருகில் எடுத்த படமென்றால் முதல் ஊகம் வல்லூறு. ஓணான், அணில், கோழிக்குஞ்சு அதன் சாப்பாடு. வளர்ந்ததற்குச் சாம்பல் முதுகும், நெஞ்சில் மெல்லிய செங்குறுக்கு வரிகளும் உண்டு. ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் மஞ்சள் அல்லது செம்மஞ்சள். இளம் பறவைக்குக் கபில முதுகு, நெஞ்சில் நெடுக்காக வடிந்த துளிகள். இரண்டும் இரண்டு பறவை என்று நினைத்து அனுப்புபவர்கள் பலர். அப்புறம் ஒரு சின்ன எச்சரிக்கை: 2024 முதல் சில பட்டியல்கள் வல்லூறின் அறிவியல் பெயரை அக்சிபிற்றர் என்ற பேரினத்திலிருந்து தக்கிஸ்பைசா என்பதற்கு மாற்றிவிட்டன. பழைய புத்தகமும் புதிய செயலியும் வேறுவேறு பெயர் சொன்னாலும் பறவை அதேதான்.

நின்று பறப்பவை

வெளியில் ஒரே இடத்தில் செட்டையடித்து நிற்கும் பறவையா? கருந்தோள் பருந்து அல்லது கெஸ்ட்ரல். முதலாவது வெள்ளையும் சாம்பலும், தோளில் கறுப்பு, வால் குட்டை, கண் சிவப்பு. இரண்டாவதன் முதுகு செங்கல் நிறம், வால் நீளம், வால் நுனியில் ஒரு கறுப்புப் பட்டை. ஆனி, ஆடியில் எடுத்த படத்தைக் கெஸ்ட்ரல் என்று சொன்னால் நான் தேதியை மறுபடி கேட்பேன். தண்ணீருக்கு மேலே நின்று பறக்கும் சிறிய கறுப்பு வெள்ளைப் பறவை பெரும்பாலும் மீன்கொத்தி. அதை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

கடனீரேரியின் மீன்காரர்கள்

வெண்வயிற்றுக் கடற்கழுகு கீழிருந்து பார்க்க உடம்பும் செட்டையின் முன்பாதியும் வெள்ளை, பின்பாதி கறுப்பு, வால் குட்டையான ஆப்பு. செட்டையைச் சற்று மேலே தூக்கி மிதக்கும், விரித்தால் இரண்டு மீற்றர் வரை வரும். இளம் பறவை கபிலமாக இருந்தாலும் அந்த ஆப்பு வாலும் அகலச் செட்டையும் காட்டிக் கொடுக்கும்.

விராலடிப்பானின் செட்டை மெலிந்து நீண்டு மணிக்கட்டில் முறிந்ததுபோல் வளைந்திருக்கும். வெள்ளைத் தலையில் கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு, செட்டை அடியில் மணிக்கட்டில் ஒரு கறுப்புத் திட்டு. அது காலை முன்னே நீட்டித் தண்ணீருக்குள் விழும். கடற்கழுகும் செம்பருந்தும் மேற்பரப்பில் இருப்பதைக் கிள்ளிக்கொண்டு போய்விடும். தொண்டைமானாற்றுப் பக்கம் எடுத்த ஒரு படத்தில் பறவை மங்கல், ஆனால் காலில் மீன் தெளிவு. மீனின் தலை பறவை போகும் திசையை நோக்கி, உடம்புக்கு நேராக இருந்தது. விராலடிப்பான் மீனை அப்படித் திருப்பிப் பிடித்துத்தான் பறக்கும். மீன் உதவியால் பறவையைக் கண்டுபிடித்த படம் அது ஒன்றுதான்.

மாரிகால விருந்தாளிகள்

மழைக்குப் பிறகு கல்லுண்டாய், அராலி, சரசாலை, சுண்டிக்குளம் போன்ற வெளிகளில் தாழ்வாக, செட்டையை வி வடிவில் வைத்து அலைந்து பறக்கும் நீண்ட வாற்பறவை பூனைப்பருந்து. சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்ட இடம். தை மாதத்தில் அங்கே போனால் பூனைப்பருந்தைத் தேடித்தான் நான் போவேன்.

சேற்றுப் பூனைப்பருந்தின் பெண் கரும் கபிலம், உச்சந்தலையும் தொண்டையும் வெண்ணெய் நிறம். வெளிறிய தலையைப் பார்த்துச் செம்பருந்து என்று எழுதிவிடுகிறார்கள். செம்பருந்துக்கு நெஞ்சும் வெள்ளை, இதற்கு நெஞ்சு இருட்டு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடும் உண்டு. மற்ற இரண்டு வகை மெலிந்தவை. வெளிர் பூனைப்பருந்தின் ஆணுக்குச் செட்டை நுனியில் மெல்லிய கறுப்பு ஆப்பு மட்டும், மொன்ராகு பூனைப்பருந்தின் ஆணுக்குச் செட்டையின் மேலே நீளமாக ஒரு கறுப்புப் பட்டி. பெண்ணும் இளம் பறவையும் வந்தால் கழுத்தைச் சுற்றி வெளிறிய பட்டி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெளிர் வகையின் பக்கம் சாயலாம். கழுத்து தெரியாத படமென்றால் விரல் இறகை எண்ணலாம்: சேற்று வகைக்கு ஐந்து, மெலிந்த இரண்டுக்கும் நான்கு. அதற்கு மேல் அந்தப் படம் எதுவும் சொல்லாது.

பூட்டட் ஈகிள் வெளிர், கடும் நிறம் என இரு வகையாக வரும். வெளிர் வகையின் செட்டை அடி கடற்கழுகின் சிறு நகல் போல இருக்கும், ஆனால் வால் ஆப்பல்ல, நேராக வெட்டியது. எந்த நிறமானாலும் முன்னிருந்து பார்த்தால் கழுத்தும் செட்டையும் சேரும் இடத்தில் இரு வெள்ளைப் புள்ளிகள், மோட்டார் வண்டியின் முன்விளக்குப் போல. அது தெரியாவிட்டால் என்னைப் போல அவசரப்படாதீர்கள். பொரி வல்லூறை உயரமான போன் கோபுரங்களில் தேடுங்கள். முகத்தில் மீசைபோல் தொங்கும் கறுப்புத் திட்டு போதிய அடையாளம்.

செயலி சொல்வதை எப்போது நம்புவது

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் செயலிகள் இரண்டையும் நானும் பயன்படுத்துகிறேன். கடைசியில்தான் திறப்பேன். இடத்தையும் தேதியையும் சரியாகக் கொடுத்தால் மெர்லின் ஊருக்குப் பொருந்தாதவற்றைப் பின்னே தள்ளும். முழு உடம்பும் தெரியும், வெளிச்சம் விழுந்த படத்தில் நன்றாகவே சொல்லும். கறுப்பு உருவத்துக்கும் இளம் பறவைக்கும் அது நம்பிக்கையோடு தவறு சொல்லும். தனியாக ஒரு பெயரை எழுதி வைத்துவிட்டு, அப்புறம் செயலியைக் கேளுங்கள். இரண்டும் வேறுபட்டால் வாலுக்குத் திரும்புங்கள்.

அடுத்த முறை எடுக்கும்போது

பறவையின் மேல் திரையைத் தொட்டு, வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள். வானம் வெளுக்கட்டும், பறவை தெரியட்டும். போனில் தொடர்படம் எடுக்கும் வசதி இருந்தால் தொடராக எடுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் காலை நேரம் நல்லது. மொட்டைப் பனை உச்சியைத் தவறவிடாதீர்கள். யுத்தத்தில் வட்டு (உச்சி) இழந்த பனைகள் இன்னும் சில நிற்கின்றன, வேட்டைப் பறவைக்கு அவைதான் நாற்காலி. கூடு கண்டால் படத்தை வைத்திருங்கள், இடத்தை வெளியில் சொல்லாதீர்கள். படை முகாம் பக்கமாக நீண்ட லென்ஸைத் திருப்பினால் பறவையைப் பற்றிய விளக்கத்தை வேறு ஆட்களுக்குச் சொல்ல வேண்டிவரும்.

பெயர் தெரியாத படங்களை நான் அழிப்பதில்லை. தனி ஃபோல்டர் ஒன்று உண்டு. கோப்புப் பெயரில் தெரிந்ததை மட்டும் எழுதிவைப்பேன்: "கல்லுண்டாய், தை, பூனைப்பருந்து, பெண் அல்லது இளம் பறவை, நான்கு விரல்." அந்தப் படம் நாலு வருடமாக அங்கேயே இருக்கிறது.